நாணல்மேட்டுத் தலைவியைப் பாதுகாத்த கதை

நாணல்மேட்டு ஊராட்சித் தலைவி வள்ளிக்கண்ணு கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. கொள்ளிடக் கரையில் ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கிற கிணறு இருக்கிறது. அதை உரசிக்கொண்டு மணல் லாரிகள் ஓடின. ஆற்றைத் தோண்டத் தோண்டக் கிணற்றில் தண்ணீர் கீழே போனது. லாரிகளை நிறுத்துங்கள் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அவள் மனு எழுதினாள். தீர்மானம் போட்ட மறுநாள் காலையில் அவள் வீட்டு நிலைக்கதவில் ஓர் அரிவாள் கொத்தி நின்றது. அதையும் மனுவில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தாள். அங்கேதான் கெட்டது காரியம். லாரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது யார் கண்ணிலும் படவில்லை. அரிவாளைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்து மேலிடம் பதறிப்போய் அவளுக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டது.

பாதுகாப்பு என்றால் யாராவது ஒரு போலீஸ்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார், மத்தியானம் ஒரு வாய் சோறு போட்டால் போதும் என்று வள்ளிக்கண்ணு நினைத்திருந்தாள். வந்து இறங்கியது பிரமுகர் பாதுகாப்பு வாரியம். வேன்கள் வந்தன, கூடாரம் வந்தது, மோப்ப நாய் வந்தது. நாய்க்குப் பின்னால் உறைவிட ஆலோசகர் சுரேஷ்குமார் வந்தார். சென்னைக்காரர், கறுப்புக் கண்ணாடி, அயர்ன் மடிப்புக் கலையாத சட்டை. பெயரில்தான் உறைவிடம். அவர் உறைந்தது திருச்சி கண்டோன்மென்ட்டில் ஏசி போட்ட ஓட்டல் அறையில். காலையில் வருவார், சாயங்காலம் போவார். இராத்திரிப் பாதுகாப்பை நாய் பார்த்துக்கொண்டது.

வந்த அன்றைக்கே வள்ளிக்கண்ணு வீட்டுக் கூடத்தில் நின்று அவர் ஒரு பிரசங்கம் செய்தார்.

“மேடம், ஆரம்பத்துலயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இந்த ஊரை ஆளுறது நீங்கதான். உங்க நிர்வாகத்துல வாரியம் தலையிடாது. உங்க சாமி, சடங்கு, பழக்கவழக்கம், அதுல சுத்தமா தலையிடாது. அது எங்க கொள்கை. பாதுகாப்பு மட்டும்தான் எங்க பொறுப்பு.”

“ரொம்ப சந்தோஷங்க சார்.”

“எதெல்லாம் பாதுகாப்புல சேரும்ங்கறதை நாங்க முடிவு பண்ணுவோம்.”

வெள்ளைக்காரன் நம்முடைய ராஜாக்களிடம் இப்படித்தான் பேசினான். ராஜா, சிம்மாசனம் உன்னுடையது, யானை உன்னுடையது, பட்டாளம் மட்டும் என்னுடையது என்றான். அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஒரு துரையையும் குடிவைத்தான். அப்புறம் ராஜா தும்முவதற்கும் துரையைக் கேட்க வேண்டியதாயிற்று. வள்ளிக்கண்ணு பத்தாவது வரை படித்தவள். சரித்திரப் பாடத்தில் இது வந்தது. பரீட்சைக்கு வராது என்று டீச்சர் தாண்டிப் போய்விட்டார்.

முதல் உத்தரவு, தலைவி ஆற்றங்கரைப் பக்கம் போகக் கூடாது. அரிவாள் வந்தது மணல் தகராறில், மணல் இருப்பது ஆற்றில், ஆகவே ஆறு ஆபத்தான பகுதி என்று சுரேஷ்குமார் வரைபடத்தில் சிவப்பு மசி பூசினார். தலைவி போகக் கூடாத அந்தச் சிவப்பு வழியில் லாரிகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன.

“லாரிய நிறுத்திட்டா ஆபத்தே இல்லையே சார்?” என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.

“மேடம், ஆபத்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறது வேற டிபார்ட்மெண்ட். ஆபத்து இருக்கிற வரைக்கும் உங்களைக் காப்பாத்துறது எங்க டிபார்ட்மெண்ட். ஆபத்தைத் தீர்த்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு?”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனதறிந்த உண்மையைச் சொன்னார்.

அடுத்து ஊராட்சி அலுவலகம். தலைவியின் நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஜன்னல் வழியாக ஏதாவது வரலாம். எனவே அவளைப் பின்னால் பிளீச்சிங் பவுடர் மூட்டை வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். காலியாகக் கிடந்த நாற்காலியில் சுரேஷ்குமார் உட்கார்ந்துகொண்டார். எதிரி ஏமாற வேண்டுமாம். எதிரி ஏமாந்தானோ என்னவோ, ஊர் ஏமாந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும், “வாரியம் நிர்வாகத்தில் தலையிடாது” என்று சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதுதான்.

மே தினத்துக் கிராம சபை வந்தது. லாரி விஷயத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று வள்ளிக்கண்ணு துடித்துக்கொண்டிருந்தாள். தலைவியைச் சுற்றி நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது வாரிய விதி. கிராம சபை என்றால் ஊரே கூடுமே? ஆகவே கிராம சபை நடந்தது, தலைவி மட்டும் வரவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சுரேஷ்குமார், பாதுகாப்புக் காரணங்களுக்காக லாரி பற்றிய பேச்சு ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். ஊர்க்காரர் யாரும் கைதட்டவில்லை. ஆனாலும் அவர் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

கைதட்டியவர் ஒருவர் உண்டு, மணல் கான்ட்ராக்டர் ரங்கசாமி. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏன் உட்கார மாட்டார்? வாரியத்தின் கூடாரம் அவருடையது. கூடாரத்துக்கு ஜெனரேட்டர் அவருடையது. நாய்க்குக் கறி அனுப்புவதும் அவர்தான். பாலுக்குக் காவல், பூனைக்குத் தோழன் என்பதை ஏட்டில் படித்தவர்கள் நாணல்மேட்டுக்கு வந்தால் நேரில் பார்க்கலாம்.

இதையெல்லாம்கூட வள்ளிக்கண்ணு பொறுத்துக்கொண்டாள். சாப்பாட்டு விஷயத்தில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. தலைவி உண்பது, உடுத்துவது, அணிவது, மிதிப்பது எதுவானாலும் முதலில் உறைவிட ஆலோசகர் தன் உடம்பில் சோதித்த பிறகே தலைவியிடம் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வேறெந்த விதியை மறந்தாலும் சுரேஷ்குமார் இந்த விதியை மறக்கவில்லை. வள்ளிக்கண்ணுவின் புருஷன் ராமர் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். வாரத்தில் ஒருநாள் விரால் மீன் வாங்கி வருவார். குழம்பு கொதித்து இறங்கியதும் சுரேஷ்குமார் சோதிக்க உட்காருவார். நடுத்துண்டில்தான் விஷம் வைப்பார்கள் என்பது வாரியத்தின் ஆராய்ச்சி. நடுத்துண்டு பூராவும் சோதிக்கப்பட்ட பிறகு தலையும் வாலும் தலைவிக்கு வரும்.

“வேலைக்குப் போற நமக்கு வால், வெட்டியா உக்காந்திருக்கிறவருக்கு நடுத்துண்டா?” என்றார் ராமர்.

“பாதுகாப்புங்க. மெதுவா பேசுங்க” என்றாள் வள்ளிக்கண்ணு.

ஊர் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தது. கிணற்றில் மோட்டார் காற்றை இழுத்தது. வந்த கொஞ்சம் தண்ணீரும் கலங்கலாக வந்தது. ஒரு நாள் காலையில் குடத்தோடு நின்றிருந்த ஆனந்தவள்ளி, பக்கத்து வீட்டுக்காரி, வள்ளிக்கண்ணுவுக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தெருத்தெருவாக நடந்தவள், காவலுக்கு நின்றிருந்தவர்களைத் தாண்டி உள்ளே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“மணல்காரன்கிட்ட கை நனைச்சுட்டா. அதான் வெளியவே வர மாட்டேங்கறா. அவளுக்கு நாய் காவல், நமக்குச் சேத்துத் தண்ணி.”

வள்ளிக்கண்ணுவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அரிவாளை வைத்தவன்மேல்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அரிவாள்காரன் பயமுறுத்தத்தான் பார்த்தான். அவளுடைய பேரைக் கெடுத்தது பாதுகாக்க வந்தவர்கள். சுரேஷ்குமாரை நல்ல வழியில் அனுப்ப அவளுக்கு இனி விருப்பம் இல்லை. அவர் உடம்பில் பட வேண்டும், ஊர் பார்க்கப் பட வேண்டும் என்று விரும்பினாள். அப்படி விரும்பியதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்றாள். பயம் நீங்கச் சக்கரத்தாழ்வாரைச் சேவிக்கப் போவது நாணல்மேட்டுக்காரர்களின் வழக்கம். சாமி விஷயத்தில் வாரியம் தலையிடாது என்பதால் அனுமதி உடனே கிடைத்தது. பாலத்தில் வேன் போகும்போது கீழே ஆற்றுக்குள் வரிசையாக நின்ற லாரிகள் தெரிந்தன. தலைவி மனம் கலங்கக் கூடாது என்று சுரேஷ்குமார் திரையை இழுத்துவிட்டார்.

சந்நிதியில் பட்டர் தீர்த்தத்தோடு வந்தார். வள்ளிக்கண்ணு கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கை நீண்டது.

“ஸ்வாமி, கொஞ்சம் பொறுத்துக்கணும். அந்த அம்மா முன்னாடி நிக்கறா” என்றார் பட்டர்.

“சோதிக்கணும்” என்றார் சுரேஷ்குமார். வாங்கிக் குடித்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை குடித்தார். பட்டர் சடாரியை எடுத்தார். தலையில் வைக்கிற உலோகப் பொருள் என்றதும் சுரேஷ்குமார் தலைவியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தன் தலையைக் குனிந்து கொடுத்தார்.

“பெருமாள் திருவடியையே சோதிக்க வந்திருக்கேளா?” என்றார் பட்டர். “நன்னா சோதியுங்கோ. எல்லாரும் ஜன்மம் பூரா அதுக்குத்தான் காத்துண்டிருக்கா.”

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. வள்ளிக்கண்ணு சிரிக்கவில்லை. அவள் அந்தக் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலைக்கு வருவது எதுவானாலும் இந்த மனுஷர் தன் தலையைக் கொடுக்கிறார். மீனுக்குக் கொடுக்கிறார், தீர்த்தத்துக்குக் கொடுக்கிறார், சடாரிக்குக் கொடுக்கிறார். சாமி விஷயத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் கிடையாது. அப்படியானால் சாமி வழியாக என் தலைக்கு எதை வரவழைக்கலாம்? இதை யோசித்தபடியே அவள் பிரகாரத்தைச் சுற்றி வந்தாள். ஊர் திரும்பும்போது அவள் முகத்தில் தெளிவு இருந்தது. சக்கரத்தாழ்வார் பயத்தைப் போக்கிவிட்டார் என்று சுரேஷ்குமார் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார்.

வைகாசியில் நாணல்மேட்டுச் செல்லாண்டியம்மனுக்குப் பூக்குழித் திருவிழா. நெருப்பில் இறங்குகிறவர்கள் முதலில் கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டினால் திருவிழா முடிகிற வரை அவிழ்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும். முதல் காப்பு யார் கையில் ஏறுகிறதோ அவர்தான் முதலில் நெருப்பில் இறங்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. முதலில் இறங்கியவர் மறுகரைக்கு வந்ததும், பால் ஊற்றி வைத்திருக்கும் குழியில் கால் வைப்பதற்கு முன்னால் ஊர்த் தலைவர் அவரிடம் ஊருக்காக ஒரு கேள்வி கேட்பார். அவர் வாயிலிருந்து வருவது அம்மன் வாக்கு. மழை வருமா, நெல் விளையுமா என்றுதான் இதுநாள்வரை கேட்டார்கள். அம்மனும் வரும், விளையும் என்றுதான் சொல்லிவந்தாள்.

வழக்கமாக முதல் காப்பு ஊர்த் தலைவருக்கு நீட்டப்படும். அவர் மரியாதைக்குத் தொட்டுவிட்டுப் பூசாரிக்கு விட்டுக்கொடுப்பார். இந்த வருஷம் நானே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வள்ளிக்கண்ணு பூசாரியிடம் சொல்லி அனுப்பினாள்.

காப்புக் கட்டும் நாளில் மேளம் கொட்டியது, பெண்கள் குலவை இட்டார்கள். பூசாரி மஞ்சள் நூலை எடுத்து வந்தார்.

“இது என்ன?” என்றார் சுரேஷ்குமார்.

“காப்புங்க. தலைவி கையில கட்டணும்.”

“நூல்ல என்ன தடவியிருக்கு?”

“மஞ்சளுங்க.”

“சோதிக்கணும்” என்று சொல்லி அவர் கையை நீட்டினார்.

பூசாரி வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார். அவள் எந்த அவசரமும் காட்டாமல், “சார், யோசிச்சுக்குங்க. இது சாமி விஷயம்” என்றாள்.

“மேடம், சாமி விஷயத்துல நான் எப்பவும் தலையிடறதில்ல. நூல் விஷயத்துலதான் தலையிடறேன்.”

“அப்ப விதிப்படியே நடக்கட்டும். சார் கையில கட்டுங்க சாமி.”

பூசாரி கட்டினார். இறுக்கி முடிச்சுப் போட்டார். மேளம் உச்சத்துக்குப் போனது. அதுவரை சுரேஷ்குமாரை ஏறெடுத்தும் பார்க்காத ஊர், திபுதிபுவென்று வந்து அவர் காலில் விழுந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. சிலரை எழுப்பிக்கூட விட்டார். அடுத்த காப்பு வள்ளிக்கண்ணு கையில் ஏறியது. பிறகுதான் காவலர் கியாசுதீன் அவர் காதோரம் வந்து விஷயத்தைச் சொன்னார். கியாசுதீன் பாலக்கரைக்காரர், திருச்சித் திருவிழாக்களில் பந்தோபஸ்து பார்த்தே தலை நரைத்தவர்.

“சார், ஷூவக் கழட்டிருங்க.”

“ஏன்?”

“நீங்க நெருப்புல இறங்கப் போறீங்க சார்.”

சுரேஷ்குமார் நூலை அறுக்கக் கத்திரிக்கோல் கேட்டார். கியாசுதீன் கொடுக்கவில்லை.

“அறுத்தா ஊரு சும்மா விடாது சார். சட்டம் ஒழுங்கு கெட்டுடும். நம்மளே ஆபத்தை உண்டாக்கின மாதிரி ஆயிரும்.”

“எனக்குப் பதிலா நீ இறங்கு.”

“விதியில உறைவிட ஆலோசகர்னு போட்டிருக்குங்க சார். நான் காவலரு.”

சாயங்காலம் வழக்கம்போல வேனில் ஏறி ஓட்டலுக்குக் கிளம்பினார். எல்லைக் கல்லருகே ஆனந்தவள்ளி தலைமையில் பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். “சாமி எங்க கிளம்பிருச்சு? திரும்புங்க சாமி” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கைகளில் சில விளக்குமாற்றையும் பிடித்திருந்தன. வேன் திரும்பியது. அன்றுமுதல் உறைவிட ஆலோசகர் உண்மையிலேயே அங்கே உறைந்தார். பாயில் படுத்தார். கொசு கடித்தது. விரதச் சாப்பாடு ஒரு வேளை, அதிலும் உப்பு இல்லை. வள்ளிக்கண்ணு வீட்டில் ராமர் விரால் வாங்கிவந்தார். வள்ளிக்கண்ணு விரதம், சுரேஷ்குமார் விரதம். நடுத்துண்டை ராமரே சோதித்தார்.

தப்பிக்க வழி தேடிச் சுரேஷ்குமார் தலைமையகத்துக்கு நிலைமையை விளக்கி எழுதி அனுப்பினார். அங்கே தலைமை இயக்குநர் படித்துவிட்டுப் பூரித்துப்போனார். அதிகாரி ஒருவர் பாதுகாக்கப்படுபவருக்காக நெருப்பிலும் இறங்கத் துணிந்த செய்தி வாரியத்தின் வரலாற்றிலேயே இல்லை. நானே நேரில் வருகிறேன், கேமராவும் வரும் என்று பதில் வந்தது.

கடைசியில் அவர் வள்ளிக்கண்ணுவிடமே வந்து நின்றார். முதல்முறையாகச் செருப்பில்லாமல், கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.

“மேடம், நீங்க இறங்காதீங்க. ரொம்ப ஆபத்து.”

“சாமி விஷயத்துல வாரியம் தலையிடாதுன்னீங்களே சார்.”

“தலையிடல. ஆலோசனை சொல்றேன்.”

“நான் இறங்கலைன்னாலும் நீங்க இறங்கணும் சார். முதல் காப்பு உங்க கையில இருக்கு. நான் உங்களுக்குப் பின்னாடி வர்றவதான்.”

“நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?” என்று கேட்டார் அவர். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

“கெணத்துல தண்ணி இல்ல சார்” என்றாள் வள்ளிக்கண்ணு. “உங்களை யாரும் கெணத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு தடுக்கலையே. ஒரு தடவையாச்சும் போய் எட்டிப் பாத்தீங்களா?”

பூக்குழி அன்று கோயில் முன்னால் வேலங்கட்டைகள் எரிந்து தணலாகக் கிடந்தன. கோயிலை ஒட்டித்தான் லாரிப் பாதை. கூட்டத்தால் பாதை அடைபட்டு லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்தாம். வண்டிக்கு வண்டி எலுமிச்சம்பழம் கட்டாமல் சாவி போடாதவர்கள். மேடையில் இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ரங்கசாமி.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “அன்பார்ந்த பொதுமக்களே. வாரியம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு பிரமுகர்கூட எங்கள் பாதுகாப்பிலிருந்து வெளியே போனதில்லை. பலர் மனுப் போட்டார்கள். நாங்கள் விடவில்லை. மக்களிடமிருந்து தலைவர்களைக் காப்பாற்றுவதே எங்கள் உயிர் மூச்சு. உங்கள் தலைவியை நீங்கள் பார்த்தே பல நாள் ஆகியிருக்கும். அந்த அளவுக்கு அவர் பத்திரமாக இருக்கிறார்.”

ரங்கசாமி கைதட்டினார்.

மஞ்சள் வேட்டியில் சுரேஷ்குமார் குழியின் விளிம்பில் நின்றார். பூசாரி அவர் முதுகைத் தடவி, “நிதானமா, நிக்காம நடங்க சாமி. நடந்தா ஒண்ணும் பண்ணாது. நின்னாத்தான் சுடும்” என்றார். நல்ல யோசனை. எத்தனையோ பேர் அப்படித்தான் நடந்து ஒரு கொப்புளமும் இல்லாமல் வந்திருக்கிறார்கள். வள்ளிக்கண்ணு பின்னால் நின்று, “முதல்ல நீங்க சார்” என்றாள்.

அவர் இறங்கினார். பாதிதூரம் நன்றாகத்தான் நடந்தார். அந்த நேரம் பார்த்து வாரியத்தின் போட்டோகிராபர் குழியோரம் மண்டியிட்டு, “சார், இங்க பாருங்க சார்” என்றார். கேமராவைக் கண்டால் நிற்பது சுரேஷ்குமாருக்குச் சர்வீஸில் ஊறிப்போன பழக்கம். நின்றார். திரும்பினார். நெஞ்சையும் நிமிர்த்தினார். படம் பிரமாதமாக வந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை, பறந்தார். மறுகரையில் பால்குழி தெரிந்தது. அதற்கு முன்னால் பூசாரி வேப்பிலைக் கொத்தை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். ஊர்க் கேள்வி பாக்கி இருந்தது. கேட்க வேண்டியவள் இந்தக் கரையில் மைக்கோடு நின்றாள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வருகை தந்திருக்கும் மதிப்பிற்குரிய வாரியத் தலைமை இயக்குநர் அவர்களே” என்று ஆரம்பித்தாள். அங்கே சுரேஷ்குமார் கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டிருந்தார். “மேடையில் வீற்றிருக்கும் கான்ட்ராக்டர் அவர்களே. காவலர்களே. தாய்மார்களே. பெரியோர்களே.” யாரையும் விடவில்லை. நாயைக்கூட மரியாதையோடு குறிப்பிட்டாள். இத்தனை மாதம் பிளீச்சிங் பவுடர் வாசத்தில் உட்கார்ந்து அடக்கிவைத்த பேச்சு. அவசரப்பட்டு அதை வீணாக்க அவள் தயாராக இல்லை.

“கேளுங்க மேடம், சீக்கிரம் கேளுங்க” என்று கத்தினார் சுரேஷ்குமார்.

“ஆத்தா செல்லாண்டி, உன் சனங்க கேக்குறோம். நம்ம கெணத்தோரமா, இந்தக் கரையில, இனிமே மணல் லாரி ஓடலாமா, கூடாதா?”

“கூடாது, கூடாது, வழிய விடுங்கய்யா.”

“மூணு தரம் சொல்லணும் சாமி” என்றார் பூசாரி.

“கூடாது! ஒரு லாரி கூடாது! எந்த லாரியும் கூடாது!”

வேப்பிலை விலகியது. சுரேஷ்குமார் பாலில் விழுந்தார். குலவைச் சத்தம் ஆற்றின் அக்கரை வரை கேட்டது. ரங்கசாமி எழுந்து மேடை விளிம்புக்கு ஓடிவந்தார். பதற்றத்தில் தனக்கு முன்னால் இயக்குநர் பேசிய மைக் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

“அது சாமி இல்லடா. அவன் நம்ம ஆளுடா. நாம சோறு போட்டு வச்சிருக்கிற ஆளு. போய் வண்டிய எடுங்கடா.”

ஒலிபெருக்கி எல்லாவற்றையும் நான்கு தெருவுக்கும் ஒழுங்காகச் சொன்னது. ஊர் திரும்பி ரங்கசாமியைப் பார்த்தது. பிறகு அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இயக்குநரைப் பார்த்தது. இயக்குநர் தன் நாற்காலியை ரங்கசாமியின் நாற்காலியிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். டிரைவர்களில் மூத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா சொன்னதுக்கு மேல எப்படிங்கண்ணே” என்று சாவியை ரங்கசாமி கையிலேயே கொடுத்துவிட்டார். மற்றவர்களும் வரிசையாக வந்து கொடுத்தார்கள். ரங்கசாமிக்குச் சாவிகளைப் பிடிக்கக் கை போதவில்லை. ஓட்டத் தெரிந்த ஒருவர்கூட அவர் பக்கம் நிற்கவில்லை.

அதன்பிறகு வள்ளிக்கண்ணு இறங்கினாள். நிதானமாக நடந்தாள், யாரும் போட்டோவுக்குக் கூப்பிடவில்லை, ஒன்றும் சுடவில்லை. மறுகரையில் ஆனந்தவள்ளி அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். தன் முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

இயக்குநர் இறங்கிவந்தார். மைக்குக்கு எட்டாத தூரத்தில் நின்று, தாழ்ந்த குரலில், “மேடம், நிலைமையைப் பாத்தா அச்சுறுத்தல் குறைஞ்சிருக்கிறதா வாரியம் கருதுது” என்றார்.

“குறைஞ்சிருச்சு சார்” என்றார் பாலுக்குள்ளிருந்து சுரேஷ்குமார். “சுத்தமா இல்லவே இல்ல. நான் எழுதிக் கொடுக்கிறேன்.”

“அப்படியெல்லாம் அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க சார்” என்றாள் வள்ளிக்கண்ணு. “இவரையே வச்சிருங்க. மாத்திடாதீங்க. வர்ற வருஷம் வாயில அலகு குத்திக்கலாம்னு இருக்கேன்.”

சுரேஷ்குமார் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.